மலையடிவாரத்தில் ஆறு நாள்: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம், ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் முகாம் இருக்கிறது. ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் தங்கள் ஆசிரியர்களோடு வந்து, ஐந்து ராத்திரி தங்கி, ஆறாம் நாள் மதியம் கிளம்புவார்கள். அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அப்பா அம்மாக்கள் போனில் கேட்டவற்றையும், பஸ் ஏறுவதற்கு முன் பிள்ளைகள் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பியவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது சுற்றுலாதானே? விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை எல்லாம் காட்டுவீர்களா?

இல்லை. அவற்றைப் பார்க்க நீங்களே ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம். வந்தால் நன்றாகவும் இருக்கும். முகாமில் நாங்கள் போவது தண்ணீரின் பின்னால்.

முதல் நாள் முகாமுக்குக் கீழே ஓடுகிற ஓடையில் கால் நனைப்பதோடு அது தொடங்கும். இரண்டாம் நாள் பேச்சிப்பாறை. கோதையாற்றின் குறுக்கே 1897-ல் வேலை தொடங்கி 1906-ல் முடிந்த அணை அது. கட்டிய பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சினை ஊர்க்காரர்கள் மூக்கன் துரை என்பார்கள். அவருடைய கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றாம் நாள் மாத்தூர் தொட்டிப்பாலம். ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோக, பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களை நிறுத்திக் கட்டியிருக்கிறார்கள். முதலில் கீழே ஆற்றோரம் நின்று அண்ணாந்து தூண்களை எண்ணச் சொல்வோம். அதற்கப்புறம்தான் மேலே ஏறி நடப்பது. கீழே நின்று பார்த்துவிட்டு ஏறுகிற பிள்ளைக்குத்தான் ஆற்றுக்கு மேலே இன்னொரு ஆறு போகிறது என்பது உறைக்கும்.

நான்காம் நாள் நாஞ்சில் நாட்டு வயலும் தேரூர்க் குளமும். ஐந்தாம் நாள் பழையாறு கடலில் சேருகிற மணக்குடி. ஓடையில் கால் நனைத்த பிள்ளை ஐந்தாம் நாள் பொழியில் நின்று, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடத்தில் விரலை நனைத்து உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும். இந்த முகாமை நாங்கள் நடத்துவதே அந்த ஒரு நிமிஷத்துக்காக என்று சொன்னாலும் தப்பில்லை.

ஏன் இந்த மாவட்டம்? ஊட்டி, கொடைக்கானலில் குளிர்ச்சியாக இருக்குமே?

குளிர்ச்சிக்காக வருவதென்றால் அங்கேதான் போக வேண்டும். இங்கே இருப்பது வேறு. மலை, காடு, வயல், கடல் நான்கும் ஒன்றரை மணி நேர பஸ் தூரத்துக்குள் கிடைக்கும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அந்த நான்கையும் ஒரே வாரத்தில் நடந்து பார்க்க முடிகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் என்பதால் நெல்லும் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. வயலில் நிற்கிற பெரியவரிடம் "இது எந்தப் பூ?" என்று பிள்ளைகள் கேட்டுவிட்டால் போதும், அப்புறம் அவர்தான் பாடம் எடுப்பார்.

இந்த மலைகள் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் சேர்ந்தவை. 2016-ல் யுனெஸ்கோ அந்தக் காப்பகத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலங்கள் 2022-ல் ராம்சார் தலமாயின, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. உலகமே காப்பாற்ற நினைக்கிற இரண்டு இடங்கள் ஒரே சின்ன மாவட்டத்தில் இருக்கின்றன. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்கு அதில்தான் வருத்தம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடிகாலை ஐந்தரைக்கு எழுப்புவோம். கருப்பட்டிக் காபி குடித்துவிட்டு, ஒரு நாள் ரப்பர் தோட்டத்துக்குள் போவோம். பால் வெட்டுகிறவர்கள் அதற்கு வெகுநேரம் முன்பே நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கியிருப்பார்கள். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும், அதனால்தான் இருட்டோடு வேலை. வளைந்த கத்தி பட்டையின் மேல் சாய்வாக ஒரு முறை போகும். சீவல் சுருண்டு விழும். ஒன்றிரண்டு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வெட்டின கோடு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொடித்து, ஒன்று சேர்ந்து, கோட்டின் வழியே இறங்கி, தகரத்தில் ஏறி, சிரட்டையில் முதல் சொட்டு விழும். அந்தச் சொட்டு விழுகிற வரை முப்பது பிள்ளைகளும் பேசாமல் நிற்பதை நான் ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன். ரப்பர் எங்கிருந்து வருகிறது என்று அதற்கப்புறம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைக்கு உரிய நடை. அணைக்கோ வயலுக்கோ போகாத பொழுதில் பக்கத்துக் கால்வாயில் வேலை இருக்கும். பத்து மீட்டரை அளந்து இரண்டு குச்சி நட்டு, தென்னங்குரும்பை ஒன்றை மிதக்க விட்டு, எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பார்ப்போம். இலையைப் போட்டால் காற்று தள்ளிவிடும். குரும்பை பாதி முங்கி மிதப்பதால் தண்ணீரின் வேகத்தோடு போகும். அகலமும் ஆழமும் அளந்து அந்த வேகத்தோடு பெருக்கினால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய எவ்வளவு தண்ணீர் வயலுக்குப் போகிறது என்று கணக்கு வந்துவிடும். வகுப்பில் பெருக்கலைக் கண்டால் ஓடுகிற பிள்ளை இங்கே முழங்கால் தண்ணீரில் நின்று மூன்று தடவை சரிபார்க்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு. நான்கு மணிக்கு மூடு. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் மரத்தடியை மூடு என்போம். மாமரத்து மூடு, பலாமரத்து மூடு என்று அந்தப் பெயரில் பஸ் நிறுத்தங்கள்கூட உண்டு. முகாமில் ஆளுக்கொரு மூடு. முதல் நாள் தேர்ந்தெடுத்த மரத்தடியில் தினமும் நாற்பது நிமிஷம், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, தனியாக, பேசாமல் உட்கார வேண்டும். முகாம் ஊழியரான அண்ணனோ அக்காவோ கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருப்பார்கள், ஆனால் பக்கத்தில் வர மாட்டார்கள். முதல் நாள் நோட்டில் "போர் அடிக்குது" என்று பத்து வரி இருக்கும். இரண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதுதான். மூன்றாம் நாள் ஒரு பையன் எழுதியிருந்தான்: "நேற்று இருந்த எறும்பு வரிசை இன்று கல்லுக்கு அந்தப் பக்கம் போகிறது. ஏன்?" இந்த "ஏன்" வருவதற்கு இரண்டு நாள் போர் அடிக்க வேண்டியிருக்கிறது. அதைக் குறைக்க எந்த வழியும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் முகாம் போதாதா என்று கேட்கிற பள்ளிகளுக்கு நான் சொல்கிற பதிலும் இதுதான்.

ராத்திரி எட்டரைக்கு எல்லாரும் முற்றத்தில் கூடி அன்றைக்குப் பார்த்ததைச் சொல்வார்கள். ஒன்பதரைக்கு விளக்கணைப்பு.

சாப்பாடு எப்படி? என் மகன் வீட்டிலேயே எல்லாம் சாப்பிட மாட்டான்.

குமரி வீட்டுச் சாப்பாடுதான். காலையில் புட்டும் பயறும் பப்படமும், அல்லது இட்லி. மதியம் சம்பா அரிசிச் சோறு, அவியல், தீயல், துவரன். சாயங்காலம் மட்டிப் பழம் அல்லது சுண்டல். ஒரு நாள் ராத்திரி கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும். ஒரு நாள் மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) சாளைக் கறியும். மீன் சாப்பிடாதவர்களுக்குக் கிழங்கோடு காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி (துவையல்), காரம் குறைத்து. சைவப் பிள்ளைகளுக்குப் பாத்திரமும் கரண்டியும் தனி.

கிழங்கு அன்றைக்கு மட்டும் அடுக்களையில் பிள்ளைகள் எல்லாருக்கும் வேலை உண்டு. தோலை நீளவாக்கில் கீறி உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். பச்சைக் கிழங்கில் நச்சுத்தன்மை உண்டு, வேகவைத்து வடிப்பதில்தான் அது போகும். பஞ்ச காலத்தில் ஏழைகளின் பசியைத் தாங்கிய கிழங்கு இது. திருவிதாங்கூரில் இதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர். இதையெல்லாம் தோல் உரிக்கும்போதே அடுக்களை அக்கா சொல்லிக்கொண்டிருப்பார்.

உங்கள் மகன் முதல் நாள் தட்டில் பாதியை வைத்துவிடுவான். சரி, இருக்கட்டும். யாரும் திட்ட மாட்டோம். சாப்பாடு முடிந்ததும் எல்லாத் தட்டிலும் மிஞ்சினதை ஒரு வாளியில் போட்டு எடை பார்ப்போம், எண்ணைப் பலகையில் எழுதுவோம். அவ்வளவுதான். நாலாம் நாள் வாளியின் அடி தெரியும். காலையில் நாலு கிலோமீட்டர் நடந்த வயிறு, எது பிடிக்கும் எது பிடிக்காது என்று யோசிப்பதில்லை.

என் மகள் ஒரு ராத்திரிகூட வீட்டை விட்டுத் தங்கியதில்லை. அழுதால் என்ன செய்வீர்கள்?

எப்போதும் சிலர் அழுவார்கள். முதல் ராத்திரி ஒன்றிரண்டு பேர், இரண்டாம் ராத்திரி அதைவிடக் கொஞ்சம் அதிகம். முதல் நாள் களைப்பில் தூங்கிவிடுவார்கள், இரண்டாம் நாள்தான் வீட்டு நினைப்பு வரும். பகலில் வராது. பாயை விரித்துப் போர்வையை இழுக்கிற நேரம் பார்த்து வரும்.

ஒரு பெண் பிள்ளை நினைவுக்கு வருகிறாள். எட்டாம் வகுப்பு. எல்லாரும் தூங்கின பிறகு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து "என்ன மக்களே?" என்று கேட்டார். பதில் இல்லை. "சரி, எழும்பு, எனக்கு நாளைக்குப் பயறு ஊறப்போடணும், கொஞ்சம் கூட வா" என்று அடுக்களைக்குக் கூட்டிப்போனார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து முறத்தில் சிறுபயறைக் கொட்டிக் கல் பொறுக்கினார்கள். அரை மணி நேரம் இருக்கும். பொறுக்கிக்கொண்டே அந்தப் பிள்ளை, தன் அம்மா ராத்திரி ஷிஃப்டுக்குப் போவதையும் தம்பியைத் தான்தான் தூங்கவைப்பதையும் சொன்னாள். அவள் அழுதது தனக்காக இல்லை, இன்றைக்குத் தம்பியை யார் தட்டிக்கொடுப்பார்கள் என்று. மறுநாள் காலையில் ஒரே ஒரு போன் செய்ய அனுமதித்தோம். தம்பி நன்றாகத் தூங்கியிருந்தான்.

"அழாதே" என்று எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். "அழுதா என்ன, இங்க இரு" என்பார்கள். கைக்கு ஒரு வேலையும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால் பெரும்பாலான அழுகை அடங்கும். அப்படியும் அடங்காமல், சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் உங்களைக் கூப்பிடுவோம். நீங்கள் வந்து கூட்டிப்போவதில் எந்த அவமானமும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். "அழுகை வந்தா உடனே சொல்லு, அப்பா காரை எடுத்துட்டு வந்துடுறேன்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

போன் ஏன் கூடாது? தினமும் ஒரு வார்த்தை பேசினால் என்ன?

முகாமுக்குள் பல இடங்களில் சிக்னலே கிடையாது. இருந்தாலும் வாங்கித்தான் வைப்போம். தினமும் இரவு எட்டு மணிக்குள் பள்ளி ஆசிரியர் பெற்றோர் குழுவுக்கு அன்றைய நிலவரத்தை எழுதுவார். உங்கள் பிள்ளைக்கு ஏதாவது என்றால் அதற்குக் காத்திருக்க மாட்டோம், உடனே அழைப்போம். போன் வராவிட்டால் எல்லாம் நலம் என்று இருங்கள்.

ஒரு வேலை தருகிறோம்: பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஆசிரியரிடம் கொடுத்து அனுப்புங்கள். மூன்றாம் நாள் கொடுப்போம். அப்பாவின் கையெழுத்தில் கடிதம் வாங்குவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தடவை.

அட்டை கடிக்குமா? (ஒரு துண்டுச் சீட்டில் இதே கேள்வி நான்கு பேர் கையெழுத்தோடு வந்தது.)

மழைக்காலத்தில் கடிக்கும். ஜனவரி, பிப்ரவரியில் அரிது. வலிக்காது, கடித்ததே தெரியாது. பிடித்து இழுக்காதே. விரல் நகத்தை அட்டையின் ஒடுங்கின நுனியில், தோலோடு ஒட்டினாற்போல் வைத்துத் தள்ளினால் பிடி விட்டுவிடும். உப்போ சுண்ணாம்போ போட்டால் வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிடலாம், அதனால் நாங்கள் போடுவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துகிறது, அதனால் கொஞ்ச நேரம் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். பயப்படாதே. கழுவி, பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

பாம்பு, யானை?

பாம்பு இருக்கிற இடம்தான். அதனால்தான் இருட்டில் டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போகக் கூடாது, செருப்பை உதறாமல் போடக் கூடாது, கட்டைக்கு அடியிலும் கல் இடுக்கிலும் கை விடக் கூடாது என்று விதி. இந்த மூன்றில் மட்டும் நாங்கள் கறாராக இருப்போம்.

ஒருவேளை கடித்துவிட்டால்: கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கிடையாது. பிள்ளையை நடக்க விடாமல் படுக்கவைத்து, கடிபட்ட கையையோ காலையோ அசையாதபடி ஒரு பலகைத் துண்டை அணை கொடுத்து, நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. முகாமில் ராத்திரி பகல் வண்டியும் ஓட்டுநரும் இருப்பார்கள், கூடவே 108-க்கும் சொல்லிவிடுவோம். நம் நாட்டில் கிடைக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாராவது. கடித்த பாம்பைத் தேடி அடிக்கப் போய் நேரத்தை வீணாக்க யாரையும் விட மாட்டோம்.

யானை நடமாட்டம் என்று வனத்துறை சொன்னால் அன்றைய காட்டு நடை ரத்து. காப்புக்காட்டுக்குள் எப்போதுமே வனத்துறை அனுமதியோடும் அவர்கள் ஆளோடும் மட்டுமே போகிறோம். மலைவாழ் காணி மக்களின் ஊர்களில் இருந்து ஒரு மூத்தவர் கூட வருவார். முன்னால் நடக்கிற அவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கடலில் குளிக்க விடுவீர்களா?

மாட்டோம். முழங்கால் வரைகூட இல்லை. பிள்ளைகள் அதிகம் கோபித்துக்கொள்வது இதற்குத்தான், இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

இந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தெற்கே வெகு தொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசிய பலத்த காற்று கிளப்பின அலை, பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். உள்ளூரில் காற்றும் இருக்காது மழையும் இருக்காது, வெயில் அடிக்கும், கடல் மட்டும் திடீரென்று கரையேறும். அறியாமல் வருவதால் கள்ளக்கடல். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. படித்தவர்கள், வாலிபர்கள். அதற்கப்புறம் பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்க எனக்கு மனசு வராது.

மணக்குடியில் கரையில் உட்கார்ந்து ஒரு மீனவப் பெரியவரோடு பேசுவோம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நான்கு திசைக் காற்றையும் பெயர் சொல்லிக் காட்டுவார். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் படுகிற காற்றுக்குப் பெயர் சொல்ல வேண்டும். நடுக்கடலில் மீன் கிடைத்த இடத்தை மறுநாள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, கரையில் தெரிகிற மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் பிடிப்பதை மணலில் கோடு போட்டுக் காட்டினார். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அங்கிருந்த பாலத்தையே அடித்துக்கொண்டுபோன கதையையும் சொல்வார். பொழிக்கரையில் நிற்கிற அலையாத்தி மரங்களைப் பிள்ளைகள் அதற்குப் பிறகு வேறு கண்ணோடு பார்க்கிறார்கள்.

மழை பெய்தால்?

நனைவோம். இடி மின்னல் இருந்தால் மட்டும் உள்ளே. ஓடையில் தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியுமாக வந்தால் மேலே மலையில் மழை என்று அர்த்தம். அப்போது ஓடைப்பக்கம் யாரும் போகக் கூடாது, நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும்.

கழிப்பறையைப் பிள்ளைகளே கழுவ வேண்டுமாமே? என் பையன் எதற்கு அதைச் செய்ய வேண்டும்?

ஆமாம், கழுவ வேண்டும். முறை வைத்து எல்லாரும். ஆசிரியர்களும், நானும். கையுறை, துடைப்பம், கிருமிநாசினி எல்லாம் தருவோம், எப்படி என்று முதலில் நாங்கள் செய்து காட்டுவோம்.

இந்தக் கேள்வி வராத முகாமே இல்லை. சில வீடுகளில் இது சுத்தம் பற்றிய கேள்வி, சில வீடுகளில் சாதி பற்றிய கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில்தான். மணக்குடிக்குப் போகிற நாளில் சாமிதோப்பில் இறங்கி முத்திரிக் கிணற்றைப் பார்ப்போம். 1809 முதல் 1851 வரை வாழ்ந்த அய்யா வைகுண்டர், எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் இறைத்துக் குளிக்கட்டும் என்று ஏற்படுத்திய கிணறு அது. ஒரு சாதி தொட்ட தண்ணீரை இன்னொரு சாதி தொடாத காலத்தில், பெண்கள் மார்பை மறைக்கவே போராட வேண்டியிருந்த ஊரில். மலையிலிருந்து நாம் பின்தொடர்ந்து வந்த தண்ணீர் யார் வயலுக்கு, யார் வீட்டுக்கு, யாரைத் தாண்டிப் போகிறது என்று பிள்ளைகள் அங்கே கேட்பார்கள். காலையில் தன் கையால் கழிப்பறை கழுவின பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்கிற விதமே வேறு. இதில் மட்டும் யாருக்கும் விலக்கு இல்லை. ஒப்புக்கொள்ள முடியாதென்றால் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு?

தங்கும் கூடம் தனி, கழிப்பறையும் குளியலறையும் தனி, உள்ளிருந்து தாழ்ப்பாள். இரண்டு பெண் ஊழியர்களும் ஓர் ஆசிரியையும் அதே கூடத்தில் படுப்பார்கள். ஊழியர் எல்லாருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முதல் நாளே சொல்லிக்கொடுத்து, எதற்கு என்றும் விளக்குகிறோம். ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். மாதவிடாய் வந்தால் நாப்கின், வெந்நீர், ஓய்வு எல்லாம் உண்டு. கேட்க வெட்கப்பட வேண்டாம் என்று குளியலறை அலமாரியிலேயே வைத்திருக்கிறோம். மூன்று நாள் தள்ளி உட்காரச் சொல்லும் பழக்கம் இங்கே கிடையாது.

மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். ஒரு வருஷம் ஒரு பையனுக்கு நள்ளிரவில் இழுப்பு வந்தது. படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றிருந்தது. எழுதினால் முகாமுக்குச் சேர்க்க மாட்டார்கள் என்று வீட்டில் பயந்திருக்கிறார்கள். இன்ஹேலரைப் பையன் சட்டைக்குள் சுற்றிப் பைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். மூச்சுக்குத் தவித்துக்கொண்டு அவன் கையால் பையைக் காட்டினான், எங்களுக்குப் புரியவில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த நண்பன்தான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தான். நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தை நான் மறக்கவில்லை. இழுப்பு, வலிப்பு, ஒவ்வாமை, படுக்கையில் சிறுநீர் கழிப்பது, எதை எழுதினாலும் உங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டோம். அந்தப் படிவத்தை இரண்டு பேர் தவிர யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

ராத்திரி ரொம்ப இருட்டாக இருக்குமா?

இருக்கும். அதைப் பார்க்கத்தான் ஒரு ராத்திரி டார்ச்சை அணைத்துவிட்டு எல்லாரும் முற்றத்தில் கைகோத்து உட்காருவோம். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். அப்புறம் பார், எத்தனை நட்சத்திரம் என்று. ஜனவரி, பிப்ரவரி என்றால் தெற்கே அகத்திய நட்சத்திரம் நன்றாகத் தெரியும். துருவ நட்சத்திரத்தைத் தேடாதே. இந்த ஊரில் அது அடிவானத்திலிருந்து 8 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், வடக்கே நிற்கிற மலை மறைத்துவிடும். பயமாக இருந்தால் பக்கத்துக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்.

ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு ஒன்று: பகல் வெயிலில் தோட்டத்திலிருந்து "டப்" என்று சத்தம் கேட்கும். ரப்பர் காய் வெடித்து விதை தெறிக்கிற சத்தம் அது. ஓட்டு மேலும் விழும்.

என்ன கொண்டுவர வேண்டும்?

முழுக்கால் சட்டை அல்லது சுடிதார், நீளக் காலுறை, பழகின ஷூ (புதியது வேண்டாம், கடிக்கும்), ஒரு செருப்பு, துண்டு, போர்வை, டார்ச், தண்ணீர்ப் பாட்டில், மழைக்கோட்டு, ஒரு நோட்டு, இரண்டு பென்சில், அவரவர் மருந்து. பாய், தலையணை, தட்டு, தம்ளர் இங்கே இருக்கிறது. தின்பண்டம், நகை, பணம் வேண்டாம். பையைப் பிள்ளையே அடுக்கட்டும். நீங்கள் அடுக்கினால் இங்கே வந்து "என் டார்ச் எங்கே இருக்கு?" என்று எங்களைக் கேட்கும்.

ஒரு வாரப் பாடம் போய்விடாதா?

போகும். அறிவியல், கணக்கு, தமிழ், வரலாறு நான்கிலும் இங்கே செய்ததைப் பள்ளிக்கு எழுதி அனுப்புகிறோம், ஆசிரியர்கள் அதை வகுப்பில் தொடரலாம். மதிப்பெண் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

திரும்பி வந்த பிறகு என் பிள்ளை மாறியிருக்குமா?

தட்டைக் கழுவி வைக்கும், ஒரு வாரத்துக்கு. பிறகு நீங்கள் அதை எதிர்பார்த்தால் தொடரும், "இரு, நான் கழுவுறேன்" என்று நீங்களே வாங்கிவிட்டால் நின்றுவிடும். சில பிள்ளைகள் வந்த அன்று நிறையப் பேசும். சில ஒன்றுமே பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துக் குழாயைத் திறக்கும்போது "இது பேச்சிப்பாறைத் தண்ணியா?" என்று கேட்கும். "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருந்தது" என்றுதான் பதில் வரும். "உன் மூடு எந்த மரம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

எப்போது வந்து கூட்டிக்கொள்ளலாம்?

ஆறாம் நாள் மாலை பஸ் பள்ளிக்கு வந்துவிடும். முகாமுக்கே வருவதென்றால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வாருங்கள், உங்களுக்கும் சேர்த்து உலை வைப்போம். பிள்ளைகள்தான் பரிமாறுவார்கள். கொஞ்சம் முன்னால் வந்தால் உங்கள் பிள்ளை உங்களைத் தன் மரத்தடிக்குக் கூட்டிப்போகும். போகிற வழியில் பேசாமல் நடக்கச் சொல்லும், தயவுசெய்து சொன்னபடி கேளுங்கள். எறும்பு வரிசை இன்றைக்கு எந்தப் பக்கம் போகிறது என்று அதற்குப் பார்க்க வேண்டியிருக்கும்.